அந்தி நேரத்தில் அத்தை யாரோடு பேசுகிறார்? (நர்ஸ் அக்கா பதில்கள்)

பந்தலூரிலிருந்து ஒரு வாசகி: என் மாமியாருக்கு வயது 83. இருதயம் பலவீனம். ‘இனி வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமனார் தை மாதம் தவறினார். அன்றிலிருந்து அந்தி சாய்ந்தால் வாசற்படியைப் பார்த்து அவரோடு பேசுகிறார். ‘சின்னதுக்குச் சோறு வச்சியா?’ என்று என்னையும் கேட்கிறார். வீட்டில் சின்னப் பிள்ளையே கிடையாது. என் கணவர் ‘அப்பாதான் செத்துட்டாரே’ என்று கத்துகிறார். பக்கத்து லைன் வீட்டுக்காரர்கள் மந்திரிக்கச் சொல்கிறார்கள். மற்றபடி ரேஷன் அரிசிக் கணக்குவரை அத்தை சரியாகச் சொல்வார். இலங்கைத் தோட்டத்திலிருந்து 1974-ல் கப்பலேறி வந்த குடும்பம். இது புத்தி பேதலிப்பா?

தங்கச்சி, மனசுக்குப் போகுமுன் உடம்பைப் பார்த்துவிடுவோம். வயதானவர்களுக்கு ஒன்றிரண்டு நாளில் திடீரென்று பேச்சு குழம்பினால் நான் கேட்பது மூன்றுதான்: மூத்திரம் எரிகிறதா, மலம் போய் எத்தனை நாள், புதிதாக என்ன மாத்திரை. மூத்திரத் தொற்று ஒன்று போதும், சாதுவான பாட்டியைப் பேயாட வைத்துவிடும். அப்படி இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். இல்லாவிட்டாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அத்தை பெயரைப் பதிந்துவிடுங்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில், இந்த மாதிரி நோயாளிகளை வீட்டுக்கே வந்து பார்க்கும் ஏற்பாடு உண்டு.

ஆனால் உங்கள் அத்தை கணக்குச் சொல்கிறார், ஆளை அடையாளம் காண்கிறார், அந்தியில் மட்டும் பேசுகிறார். இதைப் பைத்தியம் என்று நான் சொல்ல மாட்டேன். 1971-ல் வேல்ஸ் நாட்டு டாக்டர் டூயி ரீஸ், துணையை இழந்த 293 பேரைப் பார்த்துக் கேட்டு எழுதினார். ஏறக்குறைய பாதிப் பேர், போனவர் பக்கத்தில் இருப்பதாக உணர்ந்தோம், பார்த்தோம், பேசினோம் என்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதுவரை யாரிடமும் வாய் திறக்கவில்லையாம். உங்கள் அத்தை திறக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம். மந்திரிக்க வேண்டாம், கத்தவும் வேண்டாம். ‘ஆமாம், மாமா வந்திருக்கார்’ என்று நடிக்கவும் வேண்டாம். ‘மாமா என்ன சொன்னாங்க அத்தை?’ என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

எனக்கு உறுத்துவது அந்தச் ‘சின்னது’. தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்ப இலங்கையோடு போட்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக இந்த நீலகிரி மலைக்கு வந்தவர்கள் ட்ரங்குப் பெட்டியைக் கொண்டுவந்தார்கள். புதைத்த பிள்ளைகளைக் கொண்டுவர முடியுமா? ‘அந்தப் பிள்ளைக்குப் பேர் என்ன அத்தை?’ என்று கேட்டுப் பாருங்கள். பேரைச் சொன்னால் ஒரு விளக்கு ஏற்றி, சின்னக் கிண்ணத்தில் சோறு வையுங்கள். அழுதால் அழட்டும். சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள், நோண்டாதீர்கள்.

இதை நான் கற்ற விதம் பெருமைக்குரியதல்ல. வேலைக்குச் சேர்ந்த புதிதில், என் வார்டில் ஒரு தேயிலைத் தோட்டத் தாத்தா, ‘இன்னிக்கு என்ன கெழமை தாயி?’ என்று நாளைக்குப் பத்து தடவை கேட்பார். ‘ஒண்ணும் ஆகாது, தூங்குங்க தாத்தா’ என்று சொல்லிவிட்டு ஊசி போடப் போய்விடுவேன். ஒரு வியாழக்கிழமை விடியலில் போய்விட்டார். உடம்பைத் துடைக்கும்போது அரைஞாண் கயிற்றில் மஞ்சள் துணி முடிச்சு ஒன்று. வேர்வையில் கறுத்துப்போயிருந்தது. உள்ளே ஒரு ரூபாய் நாணயம். காணிக்கை முடிந்து வைத்திருக்கிறார்! எந்தச் சாமிக்கு என்று மகனைக் கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

உதகையிலிருந்து ஒருவர்: படுக்கையில் இருக்கும் அப்பாவுக்குக் கை கால் சில்லிட்டே கிடக்கிறது. ராத்திரி கதவைச் சாத்திக் கரிச்சட்டி வைக்கலாமா?

வைக்கவே வைக்காதீர்கள். மூடின அறையில் கரி புகைந்தால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசமும் இல்லை, நிறமும் இல்லை. நம் மலையில் அப்படித் தூக்கத்திலேயே போனவர்கள் உண்டு. கம்பளி சாக்ஸ், கனமில்லாத கம்பளி இரண்டு போதும். வெந்நீர்ப் பை வேண்டாம், மரத்த காலுக்குச் சூடு தெரியாது, கொப்புளித்துவிடும். கடைசி நாட்களில் ரத்த ஓட்டம் குறைவதால் கை கால் சில்லிடும். பெரும்பாலும் அது அவருக்குக் குளிராகத் தெரிவதில்லை, தொடுகிற நமக்குத்தான் தெரிகிறது.

கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியிலிருந்து (படகர் ஊர்) ஒருவர்: பாட்டி முடிகிற நேரத்தில் நெய்யில் தோய்த்த வீரராய ஹணத்தை, அதாவது சின்னத் தங்கக் காசை, வாயில் வைக்க வேண்டும் என்கிறார் பெரியப்பா. ஆஸ்பத்திரியில் படித்த தங்கை கூடாது என்கிறாள். யார் சொல்வது சரி?

இரண்டு பேரும் சரி தம்பி. உங்கள் படகர் பழக்கத்தைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. அந்தப் பொட்டுத் தங்கம் வழிச்செலவுக்கு என்பார்கள். ஆனால் விழுங்கும் சக்தி போனபிறகு காசு மட்டுமல்ல, ஒரு ஸ்பூன் பால்கூட மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். எங்கள் பக்கத்தில் பால் ஊற்றுகிறவர்களிடமும் நான் சண்டை போடுவது இதற்காகத்தான். பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றினால் பால் கொடுத்ததாகத்தான் கணக்கு. உங்கள் பழக்கத்திலேயே இதற்கு வழி இருக்கிறது: விழுங்க முடியாதவருக்கு ஹணத்தைத் துணியில் முடிந்து வலது கையில் கட்டிவிடுவார்கள். பெரியப்பாவிடம் அதை நினைவுபடுத்துங்கள், தங்கையே கட்டட்டும். நெய்யை உதட்டில் தடவலாம், வெடிப்புக்கும் நல்லது. முடிச்சை மட்டும் இறுக்க வேண்டாம், கை வீங்கும். துணிக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும்.