ஓடுவதும் ஓட்டுவதும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் அலுவலகத்தில் எல்லாமே ஆங்கிலத்தில்தான். புதிதாக வந்த மேலாளர் ஒரே மின்னஞ்சலில் ‘ரன்’ என்ற சொல்லை மூன்று இடத்தில் போட்டிருந்தார். வேலை ‘ரன்னிங் லேட்’, செலவுக் கணக்கை ‘ரன்’ பண்ணு, அனுப்பும் முன் ‘ரன் இட் பை மீ’. மூன்றாவது எனக்குப் புரியவே இல்லை. அகராதியைப் புரட்டினால் பக்கம் பக்கமாகப் போகிறது. ஒரே சொல்லுக்கு இத்தனை வேலை கொடுப்பது அந்த மொழியின் சொற்பஞ்சம்தானே? இதையெல்லாம் எப்படி மனப்பாடம் செய்வது?

கே.

அன்புள்ள கே.,

முதலில் மின்னஞ்சலை முடித்துவிடுவோம். ‘ரன் இட் பை மீ’ என்றால், அனுப்புவதற்கு முன்னால் என்னிடம் ஒருமுறை காட்டிவிடு என்று அர்த்தம். ‘நான் சரி என்று சொன்னால் போதும்’ என்ற தொனி அதில் கொஞ்சம் உண்டு. அதட்டல் கிடையாது, பயப்பட வேண்டாம்.

சொற்பஞ்சம் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நம்முடைய ‘போடு’வை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டை போடுகிறோம், கையெழுத்துப் போடுகிறோம், சண்டை போடுகிறோம், கணக்குப் போடுகிறோம், ஊசி போடுகிறோம், குட்டி போடுவதும் அதே சொல்தான். தமிழ் கற்க வரும் வெளியூர்க்காரர் இதே கேள்வியோடு நம் முன்னால் வந்து நிற்பார். நாள் முழுக்கப் புழங்கும் சின்ன வினைகள்தான் எந்த மொழியிலும் அதிகச் சுமை சுமக்கின்றன.

ஆனால் ‘ரன்’ சுமப்பது அசாத்தியச் சுமைதான். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘செட்’ என்ற வினைக்குத்தான் மிக நீளமான பதிவு. திருத்திய பதிப்பு தயாரானபோது ‘ரன்’ அதை முந்திவிட்டது. வினையாக மட்டும் அதற்கு 645 பொருள். பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளர் இந்த ஒரு சொல்லோடு 9 மாதம் மல்லுக்கட்டினார். எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். வழக்கொழிந்து போனதையும் விடாமல் சேர்த்துவைக்கும் அகராதி அது. உங்கள் மேலாளருக்கே அதில் பாதி தெரிந்திருக்காது.

எனக்கு உதவிய வழி ஒன்று உண்டு. தமிழில் நாம் தன்வினை, பிறவினை என்று பிரிக்கிறோம். வண்டி ஓடுகிறது, வண்டியை ஓட்டுகிறார். ஒரு ‘ட்’ கூடினால் போதும், யார் ஓடுகிறார்கள், யார் ஓடவைக்கிறார்கள் என்பது தெளிவாகிவிடும். பழைய ஆங்கிலத்திலும் தானாக ஓடுவதற்கு ஒரு வினை, ஓடவைப்பதற்கு அதிலிருந்தே பிறந்த இன்னொரு வினை என்று இரண்டு இருந்தன. நாளடைவில் இரண்டும் கலந்து ஒரே ‘ரன்’ ஆகிவிட்டன. (அந்தப் பழைய சாம்பியன் ‘செட்’கூட ‘சிட்’டின் பிறவினைதான்: உட்கார், உட்காரவை. படு, படுக்கவை என்ற பொருளில் வரும் ‘லை’, ‘லே’ ஜோடி இன்னும் பிரிந்தே இருக்கிறது. அதை அந்த மொழிக்காரர்களே சதா குழப்பிக்கொள்கிறார்கள்.)

ஆகவே ‘ரன்’னைப் பார்த்ததும் செயப்படுபொருள் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் பெரும்பாலும் ‘ஓடு’: எஞ்சின், கடிகாரம், நாடகம் எல்லாம் தாமே ஓடுகின்றன. இருந்தால் ‘ஓட்டு’: கடையை, நிறுவனத்தை, கணினி நிரலை யாரோ ஓட்டுகிறார்கள். மேலாளர் கணக்கை ‘ரன்’ பண்ணச் சொன்னதும் இந்த வகைதான், அதாவது போட்டுப் பார். ஓட்டு என்று அப்படியே மாற்றி எழுதச் சொல்லவில்லை. எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரிந்தால் பொருள் தானாக வந்துவிடும். எல்லா இடத்திலும் இது பலிக்காது. மூக்கு ‘ரன்’ ஆனால் நமக்கு ஒழுகுகிறது, துணியின் சாயம் ‘ரன்’ ஆனால் போகிறது. ஆனாலும் நீர்மம் ஒன்று நகர்கிறது என்பது மாறவில்லை.

‘ரன்னிங் லேட்’ வேறு கதை. அங்கே ஓட்டமே கிடையாது. ‘ரன்’னுக்குப் பின்னால் ஒரு பெயரடையோ நிலையைச் சொல்லும் சொல்லோ வந்தால் அது ‘ஆகு’, ‘போ’ என்கிற அளவுக்கு இளைத்துவிடும். ‘ரன் டிரை’ என்றால் வற்றிப்போவது, ‘ரன் லோ’ என்றால் குறைந்துபோவது. நாம் ‘வற்றிப்போச்சு’ என்று சொல்லும்போது ஆறு எங்கேயும் போகவில்லை அல்லவா? நடமாட்டத்துக்கான வினையை எடுத்து மாற்றத்தைச் சொல்லும் தந்திரம் இரண்டு மொழிக்கும் தெரிந்திருக்கிறது.

மனப்பாடம் தேவைப்படும் இடம் ஒன்றுதான்: ஒட்டிக்கொண்டு வரும் குட்டிச் சொற்கள். ‘ரன் இன்டு’ என்றால் மோதலாம், தெரிந்தவரைத் தற்செயலாகப் பார்க்கலாம், செலவு லட்சங்களைத் தொடலாம். ‘ரன் ஓவர்’ என்றால் வண்டி ஏற்றிவிடுவது. கூட்டம் ‘ரன் ஓவர்’ ஆனால் நேரம் தாண்டிவிட்டது. கிரிக்கெட்டில் ‘ரன் அவுட்’ ஆகிறவர் ஓடித்தான் ஆட்டமிழக்கிறார், ஆனால் காகிதம் ‘ரன் அவுட்’ ஆனால் வெறுமனே தீர்ந்துவிட்டது. இவற்றைத் தனிச் சொற்களாகவே பாவியுங்கள். ‘ரன்’னிலிருந்து பொருளைத் தருவிக்கப் பார்த்தால் தலைவலிதான் மிஞ்சும். வாக்கியத்தோடு படித்தால் ஒட்டும். பட்டியலாகப் படித்தால் ஒட்டாது.

எல்லா ஆங்கிலமும் ஒரே மாதிரி ஓடுவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தேர்தலில் அமெரிக்கர் ‘ரன்’ பண்ணுகிறார், பிரிட்டிஷ்காரர் ‘ஸ்டாண்ட்’ பண்ணுகிறார். நம் வேட்பாளரும் நிற்பவர்தான். அமெரிக்காவின் சில பகுதிகளில் சின்ன ஓடைக்கே ‘ரன்’ என்று பெயர். உள்நாட்டுப் போரில் 1861இலும் 1862இலும் சண்டை நடந்த ‘புல் ரன்’ அப்படி ஒரு ஓடை.

உறவுச் சொற்கள் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் விட மனமில்லை. லத்தீனில் ஓடுவதற்கு ‘குர்ரெரே’ என்று ஒரு வினை. ஆங்கிலம் அதிலிருந்து ஒரு குடும்பத்தையே தருவித்துக்கொண்டது. திரையில் மினுக்கும் ‘கர்சர்’ அந்த மொழியில் ஓட்டக்காரன். ‘கரிக்குலம்’ ஓட்டப்பந்தயம். ‘கூரியர்’ ஓடிப்போய்ச் சேர்ப்பவர். ‘கரன்ட்’ ஓடுவது, நாம் அதை மின்னோட்டம் என்று பெயர்த்தது ரொம்பப் பொருத்தம். ‘கரன்சி’யும் இதே வீட்டுப் பிள்ளைதான், கைக்குக் கை ஓடுவதால். நாமும் காசு செல்லும், செல்லாது என்றுதானே பேசுகிறோம்? ஆங்கிலக் காசு ஓடுகிறது, நம் காசு கொஞ்சம் நிதானமாகச் செல்கிறது.