பதில்: கேபிடல் சுற்றுப்பார்வைக்குச் சேலம் ஏஜென்ட் கேட்கும் கட்டணம்

அப்பா அம்மாவின் கேபிடல் சுற்றுப்பார்வைக்குச் சேலம் ஐந்து ரோட்டில் இருக்கும் ஏஜென்ட் கட்டணம் கேட்கிறார், கட்டலாமா என்று கேட்டிருந்தீங்க. அந்தப் பணத்தைக் கட்டாதீங்க. வாஷிங்டனில் இருக்கும் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடமான கேபிடலின் உள்சுற்று முழுக்க இலவசம், முன்பதிவுக்கும் காசில்லை. அதை நடத்துவது கேபிடல் பார்வையாளர் மையம். 2008 முதல் வழிகாட்டிகளும் அதன் கீழ்தான். மையத்துக்கு மேலே, கட்டடத்தைப் பராமரிக்கும் 'ஆர்க்கிடெக்ட் ஆஃப் த கேபிடல்' அலுவலகம், அதற்கும் மேலே அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் குழுக்களுடைய கண்காணிப்பு.

அந்த ஏஜென்ட் விற்பது பெரும்பாலும் தனியார் நடைச்சுற்றாக இருக்கும். வெளியே ஊரைக் காட்டிவிட்டு, இலவச நுழைவையும் சேர்த்துப் பில் போடுவார்கள்.

சரிபார்க்க:
1. ரசீதில் 'கேபிடல் உள்சுற்று' என்பதற்குத் தனித்தொகை இருக்கிறதா என்று கேளுங்க.
2. முன்பதிவுத் தளத்தின் முகவரி 'டாட் ஜிஓவி' (.gov) என்று முடிகிறதா பாருங்க. இல்லையென்றால் அது அரசுத் தளம் இல்லை.

ஒன்று கவனம்: இந்தச் சுற்றில், நாடாளுமன்ற அவை நடக்கும் கூடத்தை மேலிருந்து பார்க்கும் பார்வையாளர் மாடம் சேராது. அதற்குத் தனிச் சீட்டு. வெளிநாட்டவர் பாஸ்போர்ட்டோடு மையத்தின் மேல்தளத்தில் இருக்கும் அப்பாயின்ட்மென்ட் மேசையில் கேட்கலாம்.

அப்பா அம்மாவிடம் இதையும் சொல்லிவிடுங்க: பிரிக்காத தட்டுவடைப் பாக்கெட்கூட உள்ளே போகாது, தண்ணீர் பாட்டில் காலியாக இருக்க வேண்டும். பை 18 × 14 × 8.5 அங்குலத்துக்குள் இருக்கட்டும்.