வில்லுப்பாட்டில் முப்பது நாற்பது வருஷம் நிற்பவர்களிடம் அப்படி என்ன தனித்திறமை?

எங்கள் ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். எங்கள் பக்கத்துக் காவல் தெய்வம் சுடலைமாடனின் கோயில் கொடையில், அதாவது திருவிழாவில், வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவன் என்பதால் சொல்கிறேன். பலர் குரல் என்பார்கள். எனக்கு அது இரண்டாவதுதான். ராத்திரியை நடத்தத் தெரியவேண்டும், அதுதான் முதல்.

சுடலைமாடன் கதை கயிலாயத்தில் பிறப்பு, மயானத்தில் பிணம் தின்றது, பூலோகம் வந்தது என்று விடிய விடிய ஓடும். ஆனால் கொடை வெறும் கச்சேரி இல்லையே. ஒரு பக்கம் சாமிக்குப் படைக்கும் படைப்பு தயாராகும், நையாண்டி மேளம் குறுக்கே வரும், சாமியாடி இன்னும் கச்சை கட்டியிருக்க மாட்டார். கதையில் சாமி எழும்பும் இடமும் கோயிலில் சாமி வரும் நேரமும் ஒன்றாக விழவேண்டும். படைப்பு தாமதமா, வில்லில் கதை பாடும் தலைமைப் பாடகரான அண்ணாவி மயான வர்ணனையை நீட்டுவார். சாமியாடி முகம் மாறுகிறதா, நாலு பாட்டைத் தாண்டி நேரே சாமியை வரவழைக்கும் பாட்டுக்கு வந்துவிடுவார். அண்ணாவி கையில் வில் நாணைத் தட்டும் வீசுகோலைப் பார்த்தே குடக்காரரும் உடுக்கைக்காரரும் நடையை மாற்றுவார்கள். புதுசாகப் பாட வந்தவருக்குக் கதை மனப்பாடமாக இருக்கும். எந்த ஊரில் எந்தச் சாமிக்கு முதல் மரியாதை, எந்தக் குடும்பத்தார் பேரை விட்டுவிடக்கூடாது என்பதெல்லாம் வருஷக்கணக்கில் அதே கோயில்களுக்குப் போனால்தான் பிடிபடும்.

கொடைகளில் நடக்கும் இன்னொரு கலையான கணியான் கூத்திலும் இப்படித்தான். மகுடம் என்கிற தோல்வாத்தியத்தைத் தீயில் காய்ச்சிக் காய்ச்சி அடிக்க, பெண் வேடம் கட்டியவர்கள் ஆட, அங்கேயும் அண்ணாவிதான் கதையின் போக்கைப் பிடித்திருப்பார்.

வெளியுலகம் அறிந்தவர் சுப்பு ஆறுமுகம். 1928-இல் சத்திரம் புதுக்குளத்தில் பிறந்தவர். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் சென்னைக்கு அழைத்துக்கொண்டார். காந்தி கதையை வில்லில் பாடினார், 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது, 2022-இல் காலமானார். கன்னியாகுமரி மாவட்டத்துப் பூங்கனி அம்மா வேறு வழி. கோயில் கொடைகளிலேயே பாடிப் பேர் வாங்கினார். பெண் பாடும் வில்லுக்கு அவ்வளவு கூட்டம் கூடியது. ஆனால் கடைசிக் காலம் வறுமையில் கழிந்து 2018-இல் மறைந்தார். இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

வருமானமும் சீசனைப் பொறுத்துத்தான். பங்குனி, சித்திரை, ஆடி மாதங்களில் ஓயாத ஓட்டம். மார்கழியில் பெரும்பாலும் சும்மா. 2020 ஊரடங்கு சித்திரைக் கொடைகளையே விழுங்கிவிட்டது. இப்போது பல ஊர்களில் கொடைக்குப் பிரிக்கும் வரிப்பணத்தில் பெரும்பங்கு சீரியல் லைட் செட்டுக்கும் பாட்டுக் கச்சேரிக்கும் போகிறது. வில்லுக்குப் பேரம் பேசுகிறார்கள். இது சரியில்லை. சாமிக்கு நேர்ந்த காரியத்தில் சாமி கதை பாடுகிறவருக்குத்தானே முதலில் கொடுக்கவேண்டும்?

நேரில் கேட்க விரும்பினால் செவ்வாயோ வெள்ளியோ நடக்கும் கொடைக்குப் போங்கள். சாயங்காலம் கேட்டுவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். நடுச்சாமம் தாண்டி, வில்லுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, அண்ணாவியின் கண் எங்கே போகிறது என்று பாருங்கள். பாட்டு ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்க, அவர் கண் சாமியாடி மேலேயே இருக்கும்.