“சத்தியமாவது என்ன?”

கேள்வி: திருவனந்தபுரத்தில் படிக்கிறேன். “பைபிளைப் பிற்காலத்தில் மாற்றி எழுதிவிட்டார்கள்” என்று நண்பர்கள் சொல்லும்போது தடுமாறுகிறேன். என்ன பதில் சொல்வது?
– வாசகர், களியக்காவிளை

பதில்: “நம்பினால் போதும்” என்று மட்டும் சொல்லாதீர்கள்; கேட்டவர் அத்தோடு விலகிவிடுவார். மான்செஸ்டர் ரைலண்ட்ஸ் நூலகத்தில் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பாப்பிரஸ் (பழங்கால நாணல்தாள்) துண்டு இருக்கிறது. முன்பக்கம் யோவான் 18:31-33, பின்பக்கம் 37-38. இயேசு ரோம ஆளுநர் பிலாத்துவிடம் சத்தியத்தைப் பற்றிப் பேச, அவன் “சத்தியமாவது என்ன?” என்று கேட்கும் அதே இடம்! பொதுவாக 2-ஆம் நூற்றாண்டு என்று கணிக்கிறார்கள். இது உயிர்த்தெழுதலை நிரூபிக்காது. நற்செய்தி மிகப் பழையது என்பதைத்தான் காட்டும். அதற்குமேல் இழுத்தால் வாதம் உடைந்துவிடும்.

மாற்கு நற்செய்தியின் முடிவுப் பகுதி (16:9-20) மிகப் பழைய இரண்டு பெரிய கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. அதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். மறைத்துப் பிடிபட்டால், அடுத்து நீங்கள் சொல்லும் உண்மையையும் நம்பமாட்டார்கள்.

உங்களுக்காக: மாற்கு நற்செய்தியில் மொத்தம் 16 அதிகாரங்கள்தான், நாளுக்கு ஒன்று படியுங்கள். எழும் சந்தேகங்களை நோட்டில் எழுதி, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகரிடம் கேளுங்கள். மாற்கு 9:24-இல் ஒரு தகப்பன் தன் மகனுக்காகக் கதறுகிறான்: “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்.” இயேசு அவனைத் தள்ளிவிடவில்லை; அவன் மகனைச் சுகப்படுத்தினார்.