பெர்சனல் ட்ரெய்னர் ஆக எந்த சர்ட்டிபிகேட் எடுக்கலாம்? கேள்வி பதில்

நாகர்கோவிலில் 16 வருடமாகப் பயிற்சியாளராக இருக்கிறேன். காலையில் பெண்கள் பேட்ச், சாயங்காலம் தனிப் பயிற்சி. சர்ட்டிபிகேட் பற்றிக் கேட்டு வருகிற பிள்ளைகள் இப்போது ரொம்பக் கூடிவிட்டார்கள். மாவட்டத்தின் பல பக்கத்திலிருந்தும் வந்த கேள்விகளில் சிலவற்றை எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

தக்கலையிலிருந்து ஒரு தம்பி: அக்கா, பிளஸ் டூ முடித்திருக்கிறேன். சனி, ஞாயிறு இரண்டே நாள் கோர்ஸ், முடிந்ததும் 'சர்வதேச சான்றிதழ்' கையில் தருகிறார்கள். ஐஎஸ்ஓ முத்திரை, மத்திய அரசுப் பதிவு எல்லாம் இருக்கிறதாம். சேரலாமா?

வேண்டாம் தம்பி. அப்படி ஒன்றில் சேர்ந்துதான் நானும் இந்த வேலையை ஆரம்பித்தேன். ஒரு ஹோட்டல் ஹாலில் இரண்டு நாள் வகுப்பு. கடைசியில் தேர்வு என்று ஒரு தாளைக் கொடுத்து, விடைகளையும் அவர்களே சொன்னார்கள். தங்க நிற முத்திரை போட்ட சர்ட்டிபிகேட்டை அம்மா சட்டம் போட்டு மாட்டி வைத்தார்.

கொஞ்ச நாளில் 52 வயது அக்கா ஒருவர் என்னிடம் சேர்ந்தார். பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன் என்று முதல் நாளே சொன்னார். சரி என்று தலையாட்டிவிட்டு அதை மறந்துவிட்டேன். வகுப்பில் சொல்லிக் கொடுத்த கணக்கு மட்டும்தான் ஞாபகம்: 220-இல் வயதைக் கழி, அதில் 70 சதவீதத்துக்கு இதயத் துடிப்பைக் கொண்டு போ. அவருக்கு 168, அதில் 70 சதவீதம் என்றால் ஏறத்தாழ 118. ட்ரெட்மில்லில் 98-க்கு மேல் ஏறவே இல்லை. சோம்பேறித்தனம் என்று நினைத்து வேகத்தைக் கூட்டினேன். மறுபடியும் கூட்டினேன். அவர் கம்பியை இறுகப் பிடித்த விதமும், உதடு வெளுத்ததும் இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. இறங்கி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை, கொஞ்ச நேரத்தில் தெளிந்தார். அவர் சாப்பிட்டது பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை, அது துடிப்பை ஏறவிடாது, அவருக்கு அந்தக் கணக்கே பொருந்தாது என்பது அவருடைய டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இப்படிப்பட்டவர்களிடம் 'நடக்கும்போது மூச்சு முட்டாமல் பேச முடிகிறதா' என்று பார்க்க வேண்டும். ஒழுங்கான பாடத்திட்டம் எதிலும் இது இருக்கும்.

இனி அந்த முத்திரைகள். ஐஎஸ்ஓ என்பது தரநிலைகளை எழுதி வெளியிடும் அமைப்பு. அது யாருக்கும் நேரடியாகச் சான்று கொடுப்பதில்லை. வேறு தணிக்கை நிறுவனங்கள் கொடுக்கின்றன, அதுவும் பெரும்பாலும் அலுவலக நிர்வாக முறையைப் பார்த்துத்தான். நீங்கள் படிக்கப்போகிற பாடத்தை யாரும் பார்ப்பதில்லை. 'மத்திய அரசுப் பதிவு' என்று சிலர் போடுவது சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவாக இருக்கும். தையல் கடைக்கும் அதே பதிவுதான்.

சேரும் முன் ஒன்று கேளுங்கள்: "இந்தத் தேர்வில் தோற்றவர்கள் உண்டா?" 'எல்லாரும் பாஸ்' என்று பெருமையாகச் சொன்னால் பணத்தைக் கொடுக்காமல் வந்துவிடுங்கள்.

மார்த்தாண்டத்தில் பி.காம் படிக்கும் ஒருவர்: ஏஸ், நாஸ்ம், ஏசிஎஸ்எம் என்று மூன்று பெயர் சொல்கிறார்கள். எது பெரியது?

மூன்றும் அமெரிக்க அமைப்புகள், மூன்றின் பயிற்சியாளர் தேர்வுக்கும் என்சிசிஏ அங்கீகாரம் உண்டு. தேர்வு நேர்மையாக நடக்கிறதா, கேள்விகள் வேலைக்குத் தேவையானதைச் சோதிக்கின்றனவா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்கிற அமைப்பு என்சிசிஏ. அது அங்கீகரிப்பது குறிப்பிட்ட சான்றிதழைத்தான். ஒரு நிறுவனத்தின் ஒரு சான்றிதழுக்கு அங்கீகாரம் இருந்தால் அது விற்கிற மற்றதற்கெல்லாம் இருக்கிறது என்று ஆகாது. அதனால் நிறுவனத்தின் பெயரோடு நிறுத்தாமல் சான்றிதழின் முழுப் பெயரையும் பாருங்கள்.

ஏசிஎஸ்எம் மூத்தது, 1954-இல் தொடங்கியது. மருத்துவமும் உடலியங்கியலும் சார்ந்த பாடம். சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களோடு வேலை செய்ய நினைத்தால் எனக்குப் பிடித்தது இதுதான். ஏஸ் 1985-இல் வந்தது. ஆளை எப்படிப் பழக்கத்துக்குக் கொண்டு வருவது, பாதியில் விட்டுப் போகாமல் எப்படிப் பிடித்து வைப்பது என்பதற்கு அதில் நிறைய இடம் உண்டு. தேர்வில் 150 கேள்வி, 3 மணி நேரம். நாஸ்ம், நிற்பதிலும் குனிவதிலும் இருக்கிற கோளாறைக் கண்டுபிடித்துத் திருத்துவதில் கவனம் வைக்கும். 120 கேள்வி, 2 மணி நேரம். மூன்றில் எதற்கும் 18 வயது ஆகியிருக்க வேண்டும், சிபிஆர் (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்திச் செய்யும் முதலுதவி) சான்று வேண்டும்.

எடுத்ததோடு முடிந்துவிடாது. ஏஸும் நாஸ்மும் 2 வருடத்துக்கு ஒருமுறை, ஏசிஎஸ்எம் 3 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்குத் தொடர்ந்து படித்துக் கணக்குக் காட்ட வேண்டும், கட்டணமும் உண்டு. இந்தச் செலவை யாரும் முதலில் சொல்வதில்லை. நீங்கள் வேலை செய்யப்போவது இங்கேயா, சென்னை பெங்களூரா, வெளிநாடா என்று முதலில் முடிவு செய்யுங்கள். அதற்கு அப்புறம்தான் இந்த மூன்றில் எது என்கிற பேச்சு.

குளச்சலிலிருந்து: தமிழ் மீடியத்தில் படித்தவன், அப்பா கடலுக்குப் போகிறவர். டாலரில் பணம் கட்டி ஆங்கிலத்தில் எழுத என்னால் முடியாது. எனக்கு வழி இல்லையா?

இருக்கிறது. நம் நாட்டில் பெர்சனல் ட்ரெய்னராக வேலை பார்க்க அரசு உரிமம் என்று ஒன்று கட்டாயம் இல்லை. அதனால் வெளிநாட்டுச் சான்றிதழ் இல்லாதவன் ட்ரெய்னரே இல்லை என்று யாராவது சொன்னால் மனம் தளர வேண்டாம். தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பின் கீழ் 'ஃபிட்னஸ் ட்ரெய்னர்' என்றே ஒரு தகுதி இருக்கிறது. விளையாட்டு, உடற்பயிற்சித் துறைக்கான ஸ்பெஃபல் என்கிற திறன் மன்றம் அதைப் பார்த்துக்கொள்கிறது. எழுத்துத் தேர்வோடு செய்முறையும் உண்டு. பயிற்சி மையம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தரத்தில் இருக்கும், அதனால் அங்கே படித்து முடித்த இரண்டு பேரிடமாவது பேசிவிட்டுச் சேருங்கள். தேர்வைத் தமிழில் எழுதலாமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

கூடவே, தசைகளின் பெயரை ஆங்கிலத்தில் படியுங்கள். ஒரு நோட்டில் ஒரு பக்கம் படம், எதிர்ப்பக்கம் பெயர், அதன் கீழே அந்தத் தசை என்ன வேலை செய்கிறது என்று தமிழில் ஒரு வரி. வலை இழுக்கும்போது அப்பாவின் முதுகில் எது புடைக்கிறது, மணலில் கால் ஊன்றும்போது தொடையில் எது இறுகுகிறது என்று பார்த்துப் பார்த்து எழுதுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து பெயர் போதும். ஆறு மாதத்தில் ஆங்கிலப் புத்தகம் பாதி தெரிந்த புத்தகமாகிவிடும். ஆங்கிலத்தில் எழுதுகிற தேர்வை அப்போது யோசிக்கலாம்.

திங்கள்சந்தையிலிருந்து: மச்சான் துபாயில் இருக்கிறார். அங்கே ஜிம்மில் வேலை பார்த்துத் தருகிறேன் என்கிறார். எது எடுக்க?

அங்கே ரெப்ஸ் என்கிற உடற்பயிற்சியாளர் பதிவு கேட்பார்கள். அந்தப் பதிவுக்கு எந்தெந்தச் சான்றிதழை ஏற்கிறார்கள் என்று அவர்களிடமே கேட்டு உறுதி செய்துகொண்டு, அதற்கு அப்புறம் பணம் கட்டுங்கள். ஏஜென்ட் வாயால் சொன்னது போதாது.

திருவட்டாறு பக்கத்திலிருந்து ஒரு பெரியவர்: மக்களே, நான் 40 வருஷம் அடிமுறை (நம்ம பக்கத்துத் தற்காப்புக் கலை) படிச்சுக் கொடுத்தவன். எனக்க பையன் ஜிம் போட்டிருக்கான். வெளியே போய் காயிதம் வாங்கணும்ங்கான். ஆசான்கிட்ட படிச்சது போதாதா?

மாமா, உங்கள் கேள்வியைப் படித்ததும் வணக்கம் சொல்லத்தான் தோன்றியது. சுவடு (அடிமுறையின் கால் வைப்பு) வைக்கப் பழகின உடம்புக்கு இருக்கிற சமநிலையும் இடுப்பின் இறக்கமும், எத்தனையோ பேருக்கு ஜிம்மில் வருடக்கணக்காக ஸ்குவாட் போட்டும் வருவதில்லை. வர்மம் தெரிந்தவர் எந்த இடத்தில் கை வைக்கக் கூடாது என்பதை அறிந்தவர். அது பெரிய அறிவு.

ஆனால் ஆசானிடம் வந்தவன் சின்ன வயதில் வந்தான், வருடக்கணக்கில் கண் முன்னால் வளர்ந்தான். உங்கள் மகனிடம் வருகிறவர் 45 வயதில், வங்கியில் நாற்காலியில் உட்கார்ந்த உடம்போடு, சர்க்கரையோடு வருகிறார். மூன்று மாதம்தான் இருப்பார். வந்த அன்றைக்கே அவரைக் கேள்வி கேட்டு, எழுதி வாங்கி, எங்கே தொடங்குவது என்று முடிவு செய்ய வேண்டும். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் எப்படி நடுங்குவார், கையில் என்ன கொடுக்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். பையன் படிக்கட்டும் மாமா. உங்களிடம் கற்றதையும் அவன் விடாமல் இருந்தால் அவனைப் போல ஒரு மாஸ்டர் இந்தப் பக்கத்தில் கிடைக்க மாட்டார்.

பி.பி.எட். (உடற்கல்விப் பட்டம்) முடித்த ஒருவர்: எனக்குத் தனியாகச் சான்றிதழ் தேவையா?

விளையாட்டு அணிகளின் உடல்வலுப் பயிற்சிக்குப் போவதானால் என்எஸ்சிஏ என்கிற அமெரிக்க அமைப்பு நடத்தும் சிஎஸ்சிஎஸ் தேர்வைப் பாருங்கள். பட்டதாரிகள் எழுதுவது, கடினமானது, மதிப்பும் அதற்கேற்ப. பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனமான என்ஐஎஸ் நடத்தும் படிப்பு குறிப்பிட்ட விளையாட்டின் கோச் ஆவதற்கு. கபடி கோச் வேலை வேறு, முழங்கால் வலியோடு வருகிற அக்காவுக்குப் பயிற்சி கொடுப்பது வேறு. தனிப் பயிற்சிதான் நோக்கம் என்றால் மேலே சொன்ன மூன்றில் ஒன்று எடுங்கள். உடலியங்கியல் ஏற்கெனவே படித்ததால் மற்றவர்களைவிடச் சீக்கிரம் முடித்துவிடுவீர்கள்.

கருங்கலிலிருந்து ஒரு சகோதரி: எனக்கு 38 வயது, இரண்டு பிள்ளைகள். வீட்டு மாடியில் பெண்களுக்கு மட்டும் பயிற்சி கொடுக்க ஆசை. இந்த வயதில் சர்ட்டிபிகேட் எடுத்தால் சிரிப்பார்களா?

யாரும் சிரிக்க மாட்டார்கள். நம் ஊரில் எத்தனை பெண்கள் ஆண்கள் நிறைந்த ஜிம் வாசல்வரை வந்து திரும்பிப் போயிருக்கிறார்கள் தெரியுமா? அவர்கள் உங்கள் மாடிக்கு ஏறி வருவார்கள். தயவுசெய்து தொடங்குங்கள்.

முதலில் ஒரு அடிப்படைப் பயிற்சியாளர் சான்றிதழ். அது முடிந்த பிறகு, கர்ப்ப காலமும் பிரசவத்துக்குப் பிந்திய காலமும் பற்றிய சிறப்புப் படிப்பு ஒன்று. வரிசையை மாற்ற வேண்டாம்.

உங்கள் பக்கத்தில் அண்டி ஆபீசுக்கு (முந்திரி ஆலைக்கு) போகிறவர்கள் வருவார்கள். என்னிடம் வந்த ஒருவர் 20 வருடம் தரையில் உட்கார்ந்து முந்திரி உடைத்தவர். முதல் நாள் நாற்காலியிலிருந்து எழச் சொன்னேன். இரண்டு கையையும் தொடையில் ஊன்றி, ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் எழுந்தார். டம்பெல் எதையும் அவர் கையில் கொடுக்கவில்லை. உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து எழுவது, அவ்வளவுதான். வாரம் செல்லச் செல்ல ஸ்டூலின் உயரத்தைக் குறைத்தேன். மூன்றாவது மாதம் கை ஊன்றாமல் எழுந்து நின்று, என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் மறுபடி உட்கார்ந்து மறுபடி எழுந்தார். படித்ததால்தான் அன்றைக்கு ஸ்டூலில் தொடங்க எனக்குத் தெரிந்தது.

இரணியலிலிருந்து: ட்ரெய்னர் சர்ட்டிபிகேட் இருந்தால் டயட் சார்ட் எழுதிக் கொடுக்கலாமா? ஊசி, மாத்திரை பற்றியும் கேட்கிறார்களே?

பொதுவான உணவு அறிவுரை சொல்லலாம். மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன் குழம்பும் சாப்பிடுகிறவரிடம் மரச்சீனியைக் கொஞ்சம் குறைத்து மீனைக் கூட்டுங்கள் என்று சொல்வது வரை நம் வேலை. நோய்க்கு உணவு எழுதுவது உணவியல் படித்தவரின் வேலை. ஸ்டீராய்டு ஊசியை விற்கவும் கூடாது, வாங்கிக் கொடுக்கவும் கூடாது, 'ஒரு சைக்கிள் மட்டும்' (சில வாரம் தொடர்ந்து போடுகிற ஒரு சுற்று) என்று கேட்டாலும் கூடாது. மாஸ்டர் சொன்னார் என்று நம்பிப் போட்டுக்கொள்கிற பையனுக்கு 19 வயதுதான் இருக்கும்.

கன்னியாகுமரியிலிருந்து: தேர்வுக்குப் பதிவு செய்யப் போகிறேன். கடைசி நேரத்தில் கவனிக்க வேண்டியது ஏதாவது?

இரண்டு உண்டு. ஒன்று பெயர். ஆதாரில் தலைப்பெழுத்தோடு ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து வேறு மாதிரி இருப்பது நமக்கெல்லாம் சகஜம். தேர்வன்று காட்டப்போகிற அடையாள அட்டையில் எப்படி இருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அப்படியே பதிவு செய்யுங்கள். பொருந்தாவிட்டால் உள்ளே விட மாட்டார்கள்.

இன்னொன்று சிபிஆர். ஆன்லைனில் வீடியோ மட்டும் பார்த்து வாங்குகிற சான்று வேண்டாம். பொம்மையின் மேல் செய்ய வைக்கிற வகுப்புக்குப் போங்கள். முழங்கை மடங்காமல், நெஞ்சின் நடுவில், குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம். படிக்க எளிதாக இருக்கும். இரண்டாவது நிமிடத்தில் தோள் எரியும், ஆழம் தானாகக் குறையும், அது உங்களுக்கே தெரியாது. பக்கத்தில் நிற்கிறவர் "இன்னும் அழுத்து" என்று சொல்கிற வகுப்பாகப் பார்த்துச் சேருங்கள். நான் வருடத்துக்கு ஒருமுறை மறுபடியும் போய்ப் பழகிக்கொண்டு வருகிறேன்.