ஜெர்மனிக்கு வர்றவங்க கைய எங்க அடக்கணும்

தம்பி, அடுத்த மாசம் குடும்பத்தோட ஸ்டுட்கார்ட் வர்றேன், நம்மாளுங்க மாதிரி கைய ஆட்டி ஆட்டி பேசினா அங்க தப்பா எடுத்துக்குவாங்களான்னு கேட்டிருந்தீங்க. பேசுறப்போ கை ஆடுறதுக்கெல்லாம் இங்க யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க, ஆபீஸ்ல இத்தாலிக்காரங்க நம்மள விட ஜாஸ்தியா ஆட்டுவாங்க. உஷாரா இருக்கவேண்டியது கார் ஓட்டுறப்போதான்.

நம்மூர்ல ஒருத்தன் குறுக்க வந்தா கைய விரிச்சு மணிக்கட்ட ஒரு திருப்பு திருப்பி "என்னய்யா?"ன்னு கேப்போம், அவனும் நாலு வார்த்தை திட்டிட்டு போயிருவான், மேட்டர் ஓவர். இங்க நெத்திய ஆள்காட்டி விரலால தட்டிக் காட்டினா உனக்கு கிறுக்கான்னு அர்த்தம், மூஞ்சிக்கு முன்னாடி உள்ளங்கைய வைப்பர் மாதிரி ஆட்டினாலும் அதேதான், நம்ம மணிக்கட்டு திருப்பு எதிர் கார்ல இருந்து பாக்குறவனுக்கு இப்படித் தெரியலாம். இதெல்லாம் கிரிமினல் சட்டம் 185வது பிரிவுல அவமதிப்பு கேஸ் ஆகலாம், நம்பர் பிளேட்ட குறிச்சு வச்சு புகார் குடுக்க அவனுக்கு 3 மாசம் டைம் வேற. நடுவிரலுக்கு இத்தனை யூரோ, நெத்திக்கு இத்தனைன்னு நெட்ல டேபிள் போட்டிருப்பாங்க, அத நம்பாதீங்க, ஃபிக்ஸட் ரேட்டே கிடையாது, உங்க ஒருநாள் வருமானம் எவ்வளவுன்னு பாத்து அத இத்தனை நாளைக்கு கட்டுன்னு சொல்லுவாங்க, ஐடி சம்பளக்காரனுக்குத்தான் அடி பலமா விழும். நடுவிரல்னா இங்க எவ்ளோ சீரியஸ்னா, 1994 ஃபுட்பால் உலகக்கோப்பைல ஜெர்மனி வீரர் எஃபன்பெர்க் சொந்த ரசிகர்களுக்கே அத காட்டினாருன்னு கோச் ஃபோக்ட்ஸ் அவர டீம்ல இருந்தே தூக்கிட்டாரு.

மத்ததெல்லாம் சும்மா சிரிச்சுட்டு போற விஷயம். விரல் எண்ணிக்கை கட்டைவிரல்ல ஆரம்பிக்கும், அதுவும் ஆள்காட்டியும் சேர்ந்தா ரெண்டு. பேக்கரில ஒண்ணு போதும்னு கட்டைவிரல தூக்கிக் காட்டுவாங்க, நமக்கு என்னமோ பெப்பே காட்டுற மாதிரி இருக்கும். நாம விரல் கணுவ தொட்டுத் தொட்டு எண்ணுறது இவங்களுக்கு சுத்தமா புரியாது. யுனிவர்சிட்டில லெக்சர் முடிஞ்சதும் கைதட்டாம எல்லாரும் விரல் முட்டியால டேபிள தட்டுவாங்க, அது பாராட்டுதான், பயந்துராதீங்க.

பொண்ண ஸ்கூல்ல சேக்கணும்னீங்கல்ல, கிளாஸ்ல பதில் சொல்ல புள்ளைங்க ஆள்காட்டி விரல மட்டும்தான் தூக்குவாங்க, அவளையும் அப்படியே பழக்குங்க. கைய விறைப்பா முன்னாடி நீட்டுற ஹிட்லர் காலத்து நாஜி சல்யூட் விளையாட்டுக்குக்கூட வேணாம், அது அதே கிரிமினல் சட்டத்துல 86ஏ பிரிவு, பெரியவங்கன்னா 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 2017ல பெர்லின் பார்லிமென்ட் முன்னாடி அந்த போஸ்ல போட்டோ எடுத்த ரெண்டு சீன டூரிஸ்ட்டயே புடிச்சாங்க.

அப்புறம் அவ பரதம் கத்துக்கிறான்னு எழுதியிருந்தீங்க. சிம்ஹமுக முத்திரை இருக்குல்ல, நடுவிரலும் மோதிர விரலும் கட்டைவிரல தொட்டு மத்த ரெண்டும் காது மாதிரி நிக்கும், அதே கைதான் துருக்கி தீவிர தேசியவாதிகளோட ஓநாய் சல்யூட். 2024 யூரோ கப் ஃபுட்பால்ல ஆஸ்திரியாவுக்கு எதிரா கோல் போட்டுட்டு துருக்கி வீரர் டெமிரால் அத காட்டி 2 மேட்ச் தடை வாங்கினாரு. கூத்து என்னன்னா இங்க பாலர் பள்ளில டீச்சருங்க புள்ளைங்கள அமைதியா இருக்கச்சொல்ல அதே கையத்தான் நரின்னு காட்டிட்டு இருந்தாங்க, இப்ப பிரேமன் மாநிலத்துல அத வேணாம்னுட்டாங்க. ஜெர்மனில அதுக்கு தடை இல்ல, ஆனா ஆஸ்திரியால இருக்கு. மேடைல ஆடுறப்போ ஒரு பிரச்சினையும் இல்ல, ஸ்கூல் குரூப் போட்டோல மட்டும் அந்த முத்திரை புடிக்காதேன்னு சொல்லிவைங்க.