நள்ளிரவில் வந்த உத்தரவு: அமெரிக்க உச்ச நீதிமன்றம் பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: 'நிழல் பட்டியல்' என்கிறார்களே, அது ரகசிய விசாரணையா சார்?

ரகசியம் எல்லாம் இல்லை. மனு, பதில் மனு, உத்தரவு எல்லாமே நீதிமன்ற இணையதளத்தில் கிடைக்கும். முழு வாதம் கேட்டுத் தீர்ப்பு எழுதப்படும் வழக்குகள் ஆண்டுக்கு 60 சொச்சம்தான். கீழ் நீதிமன்ற உத்தரவு போன்றவற்றுக்கு இடைக்காலத் தடை கேட்டு வரும் அவசர மனுக்கள் பெரும்பாலும் வாய்மொழி வாதமே இல்லாமல் முடிந்துவிடும். 2015-இல் வில்லியம் போட் என்ற சட்டப் பேராசிரியர் இப்படி முடியும் மனுக்களுக்கு வைத்த பெயர்தான் 'நிழல் பட்டியல்' (shadow docket). உச்ச நீதிமன்ற நீதிபதி அலிட்டோவுக்கு இந்தப் பெயரே ஆகாது; எங்களைச் சதிக்கும்பல் போலக் காட்டுகிறார்கள் என்று 2021-இல் குறைபட்டுக்கொண்டார்.

கேள்வி: ஒரே நீதிபதி தடை கொடுக்க முடியுமா?

முடியும். மேல்முறையீடுகளுக்காக நாட்டைப் பல வட்டாரங்களாகப் பிரித்திருக்கிறார்கள்; ஒவ்வொன்றுக்கும் ஓர் உச்ச நீதிமன்ற நீதிபதி பொறுப்பு. மனு முதலில் அவரிடம்தான் போகும். பெரிய விவகாரம் என்றால் ஒன்பது நீதிபதிகளின் பார்வைக்கும் அனுப்பிவிடுவார். ஐந்து பேர் சரி என்றால் தடை.

கேள்வி: யார் எந்தப் பக்கம் என்று தெரியுமா?

மாற்றுக் கருத்து உள்ளவர் அதைப் பதிவு செய்தால் தெரியும். இல்லையென்றால் ஊகம்தான்.

கேள்வி: இந்த உத்தரவுகளில் காரணமே சொல்வதில்லை என்கிறார்கள். அவசரத்தில் காரணம் எழுத நேரம் ஏது? அதைக் குறை சொல்வது நியாயமா?

பாதி நியாயம். 2025 ஏப்ரல் 19, சனிக்கிழமை அதிகாலை ஒரு மணி வாக்கில் ஓர் உத்தரவு வந்தது: டெக்சாஸில் அடைத்து வைத்திருந்த வெனிசுவேலா நாட்டவரை, எதிரி நாட்டவரை வெளியேற்றுவதற்கான 1798-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி நாடு கடத்தக் கூடாது, மறு உத்தரவு வரும்வரை. அந்த நேரத்தில் விளக்கம் எதிர்பார்க்க முடியாது. ஆனால் மே 16-இல் காரணங்களை எழுதிக் கொடுத்தார்கள். அது முறை.

அப்புறம் கல்வித் துறை வழக்கைப் பாருங்கள். அமெரிக்க அரசு அந்தத் துறையிலிருந்து நீக்கிய சுமார் 1,400 ஊழியர்களை மீண்டும் சேர்க்கச் சொன்ன கீழ் நீதிமன்ற உத்தரவுக்குத் தடை கேட்டு ஜூன் 6-இல் அரசு மனுப் போட்டது. ஜூலை 14-இல் தடை கிடைத்தது. ஐந்து வாரம்! பெரும்பான்மை ஒரு வரி காரணம்கூடச் சொல்லவில்லை. நீதிபதி சோட்டோமேயரின் மாற்றுக் கருத்து மட்டும் பக்கம் பக்கமாக இருக்கிறது. இதை அவசரம் என்றால் யார் ஒப்புக்கொள்வார்கள்?

இடைக்காலத்தில் விரிவாக எழுதினால் பிறகு அந்தக் கருத்திலேயே சிக்கிக்கொள்வோம் என்பது நீதிபதி கவனா சொல்லும் காரணம். அதிலும் விஷயம் இருக்கிறது. ஆனால் அதே 2025 ஜூலையில், இடைக்கால உத்தரவுகளையும் ஒத்த வழக்குகளில் கீழ் நீதிமன்றங்கள் கணக்கில் எடுக்க வேண்டும் என்று இந்த நீதிமன்றமே சொன்னது. காரணம் சொல்லாத உத்தரவை வைத்துக்கொண்டு மாவட்ட நீதிபதி எதைப் பின்பற்றுவார்?

கேள்வி: இடைக்காலம்தானே, கடைசித் தீர்ப்பில் சரியாகிவிடாதா?

அலபாமாவில் ஆகவில்லை. கறுப்பின வாக்காளர்களின் பலத்தைக் குறைக்கிறது என்று அந்த மாநிலத்தின் தொகுதி வரைபடத்தை கீழ் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் 225 பக்கத்தில் நிராகரித்தார்கள். 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 5-4 என்று அதற்குத் தடை போட்டது. தடை போட்ட ஐவரில், தேர்தல் நெருங்கிவிட்டது என்று கவனா மட்டும் தனியாக எழுதினார், அலிட்டோ அதில் சேர்ந்துகொண்டார். 2023 ஜூனில் முழுத் தீர்ப்பு வந்தபோது, கீழ் நீதிமன்றம் சொன்னதுதான் சரி என்றார்கள், அதுவும் 5-4. இந்த முறை கவனா அந்தப் பக்கம். ஆனால் 2022 நவம்பர் தேர்தல், கீழ் நீதிமன்றம் நிராகரித்த அதே வரைபடத்தில்தான் நடந்து முடிந்திருந்தது.